கருத்து கேட்டார்களாம், நாங்கள்தான் வரவில்லையாம்

தங்கச்சிமடத்தான்:
நேற்று சேதுக்கரை ஐயா இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. "மத்திய அரசு தொழிலாளர், வேலைவாய்ப்புக் கொள்கைக்கு வரைவு போட்டு ஒரு மாதம் கருத்து கேட்டது. நம் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து யார் எழுதினார்கள்? கேட்கும்போது வாய் திறக்காதவர்கள் அப்புறம் பிள்ளைகளுக்கு வேலை இல்லை என்று புலம்பக் கூடாது" என்கிறார். எந்த ஒரு மாதம் ஐயா? ஷ்ரம் சக்தி நீதி 2025 என்ற அந்தக் கொள்கையின் வரைவு வெளியானது அக்டோபர் 8. கருத்து அனுப்பக் கடைசி நாள் அக்டோபர் 27. 19 நாள். நடுவில் 20ஆம் தேதி தீபாவளி. சட்ட வரைவையும் விதி வரைவையும் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும் என்று 2014இல் மத்திய அரசே கொள்கை எழுதி வைத்திருக்கிறது. தங்களுக்குத் தாங்களே போட்ட கணக்கு அது. நாடு முழுக்க இருக்கிற உழைப்பாளிகளின் பிழைப்பைப் பற்றிய கொள்கைக்கு 19 நாள். அதை ஒரு மாதம் என்று சொல்லி எங்கள் மேல் பழி போட வேண்டாம்.

சேதுக்கரை:
தம்பி, முதலில் நாளை ஒழுங்காக எண்ணுங்கள். 8ஆம் தேதியையும் 27ஆம் தேதியையும் சேர்த்தால் 20. 19 இல்லை. அந்த 30 நாள் சட்டத்துக்கும் விதிக்கும் உரியது, இது கொள்கை. கேட்க வேண்டிய கட்டாயமே இல்லாத இடத்தில் கேட்டிருக்கிறார்கள். நான் 31 வருடம் அரசாங்க வேலை பார்த்தவன், கோப்பு எப்படி நகரும் என்று எனக்குத் தெரியும். எழுதி வந்த கருத்து கோப்பில் ஏறும். டீக்கடையில் பேசியது ஏறாது. ஒரு மின்னஞ்சல் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

தங்கச்சிமடத்தான்:
19தான். மின்னஞ்சல் அனுப்ப இரண்டு நிமிடம், சரி. வரைவைப் படிக்க? நான் பார்த்த பிரதி ஆங்கிலத்தில் இருந்தது. பெயரே எங்களுக்குப் புரியாத பெயர். நீதி என்றால் இங்கே நியாயம், இந்தியில் அது கொள்கையாம். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளையை உட்கார வைத்துப் பாதி படித்தேன். தொழிலாளர் அமைச்சகம் இனி வேலைவாய்ப்புக்கு வழி செய்து கொடுக்கும் அமைச்சகமாக மாறும், தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம்தான் அதற்கு முதுகெலும்பு, அமைப்புசாராத் தொழிலாளர் பதிவான இ-ஷ்ரம், வருங்கால வைப்பு நிதி எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று இணைப்பார்கள் என்று போகிறது. நல்லதாகவே இருக்கட்டும். கடலுக்குப் போகிறவன் அந்தத் தளத்தில் எந்த முதலாளியிடம் விண்ணப்பம் போடுவான்? பங்குக்குத் தொழில் செய்கிறவனுக்கு முதலாளி யார்? இதைக் கேட்கத்தான் எனக்கு நாள் வேண்டும்.

சேதுக்கரை:
இதையே இப்போது எழுதியது போல அன்று எழுதி அனுப்பியிருக்கலாமே. 20 நாள் இருந்தது.

பாசிக்கார_அக்கா:
நாளை எண்ணுகிறவர்கள் எண்ணிக்கொண்டே இருங்கள். நான் சின்னப்பாலத்திலிருந்து எழுதுகிறேன், பையன் கைப்பேசி. 2021இல் இ-ஷ்ரம் அட்டை எடுத்தேன். எடுத்துக் கொடுத்தவரிடம் கடலில் பாசி எடுக்கிறேன் என்றேன். அப்படி ஒரு தொழில் இதில் இல்லை என்று சொல்லி வேறு என்னமோ கூலி என்று பதிந்துவிட்டார். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எங்கள் அம்மா காலத்திலிருந்து எடுக்கிறோம். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவையும் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள், அன்றும் எங்களைக் கேட்கவில்லை. தீவுப் பக்கம் போனால் விரட்டுகிறார்கள். எங்கள் தொழில் தாளிலேயே இல்லாதபோது கொள்கையில் எப்படி வரும்?

சேதுக்கரை:
அக்கா, உங்களுக்காகத்தானே வலமாவூரில் பாசிப் பூங்கா வருகிறது? 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், 127 கோடிக்கு மேல். அதைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லக் கூடாதா?

பாசிக்கார_அக்கா:
பூங்கா வரட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது தெப்பம் கட்டி வளர்க்கிற கப்பாபைகஸ் பாசிக்கும் விதைப் பாசிக்கும். நாங்கள் முங்கி எடுக்கிறது வேறு பாசி. தெப்பம் போட மூங்கில், கயிறு, விதை எல்லாம் வேண்டும், ஒரு காற்றுக்கு எல்லாம் போய்விடும். அந்தப் பாசி குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் ஏறியதும் உங்களுக்குத் தெரியாதா? இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதுகிறீர்கள். எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

முண்டுமிளகாய்:
எல்லாம் கடற்கரைக்காரர் கதையாகவே போகிறது. முதுகுளத்தூர், கமுதி பக்கமும் இந்த மாவட்டம்தான். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் உங்களுக்கு 5000 இருந்தது, 2023இல் மண்டபத்தில் மாநாடு போட்டு 8000 ஆக்கினார்கள். மழை பொய்த்தால் எங்களுக்கு யார் மாநாடு போடுகிறார்கள்? ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு வந்தது 2023இல். குறியீடு வந்ததும் விலை வந்துவிட்டதா? கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இல் வந்தது. பலகை மாட்டும்போது ஆள் கேட்டார்கள், மாட்டி முடிந்ததும் கண்ணாடி துடைக்கவும் காவல் காக்கவும் கொஞ்சம் பேர் போதும் என்றாகிவிட்டது. எங்கள் பையன்கள் திருப்பூர் பஸ் ஏறுகிறார்கள்.

தங்கச்சிமடத்தான்:
முண்டு அண்ணே, 8000ஐ இழுக்காதீர்கள். 61 நாள் படகைக் கரையில் கட்டிப் போட்டுவிட்டு வாங்குகிற பணம் அது, ஒரு நாளைக்கு 131 ரூபாய். உங்களுக்குத் தனி வேளாண் பட்ஜெட் 2021இலிருந்து இருக்கிறது, அதற்கு முன்னால் விவசாயிகளைக் கூட்டிக் கருத்து கேட்கிறார்கள்.

சேதுக்கரை:
நீங்களே மாட்டிக்கொண்டீர்கள் தம்பி. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 61 நாள் என்று எப்படி வருகிறது? முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்தால்தான் 61. உங்கள் கணக்குப்படி 60 என்றல்லவா சொல்ல வேண்டும்? நிவாரணத்துக்கு ஒரு எண்ணிக்கை, அரசைக் குறை சொல்ல ஒரு எண்ணிக்கையா? 8 முதல் 27 வரை 20 நாள். முடிந்தது.

கீழக்கரை_சபராளி:
ஐயா சொல்கிற கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. 61ஐ எண்ணுகிற மாதிரி எண்ணினால் 20.

தங்கச்சிமடத்தான்:
வந்துவிட்டார் துபாய்க்காரர். சரி, இரண்டு பேரும் கேளுங்கள். தடைக்காலத்தின் முதல் நாள் படகு கரையில் நிற்கிறது, அன்றைக்கே என் வீட்டில் வருமானம் இல்லை. அது முழு நாள். அதனால் அதை எண்ணுகிறோம். வரைவு வெளியான அன்று அது எங்கள் ஊரில் யார் கைக்கு வந்தது? அது நாளே இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். அக்டோபர் 8 புதன்கிழமை, 27 திங்கள்கிழமை. பாக் நீரிணையில் வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. திங்கள், புதன், சனி எங்கள் விசைப்படகு நாள். மீன்துறையின் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போனால் மறுநாள் காலையில்தான் கரை. நீங்கள் சேர்க்கச் சொல்கிற அந்த இரண்டு நாளும் நாங்கள் கடலுக்குப் போகிற நாள். நியாயமாகப் பார்த்தால் 18. நான் பெருந்தன்மையாக 19 என்று சொன்னேன்.

இந்தக் கூட்டங்களை நான் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் பேசவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று போனேன். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 30 நாளுக்கு முன்னால் அறிவிப்பு கொடுக்க வேண்டும், கொடுத்தார்கள், நாங்கள் வாங்காத ஒரு பேப்பரில். கூட்டம் வைத்தது சனிக்கிழமை காலை. முன் வரிசை எல்லாம் வேனில் வந்து இறங்கிய ஆட்கள். தமிழில் கொடுத்தது சுருக்கம் மட்டும், முழு அறிக்கை ஆங்கிலத்தில் தடித்த புத்தகம். என் முறை வந்தபோது மணி ஒன்றரை, "ஏற்கெனவே சொன்னதையே சொல்லாதீர்கள்" என்று ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள். நான் சொல்ல வந்தது இறால் பண்ணைக் கழிவு வாய்க்கால் பற்றி. அதை யாரும் அதுவரை சொல்லவே இல்லை. அந்த ஒரு நாள் கூலியும் போனது. இப்படிப் போன ஆளைப் பார்த்து வரவில்லை என்று சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்?

சேதுக்கரை:
அது சுற்றுச்சூழல் கருத்துக்கேட்பு. இது வேலைவாய்ப்புக் கொள்கை. இரண்டையும் போட்டுக் குழப்புகிறீர்கள்.

தங்கச்சிமடத்தான்:
எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். கடல் போனால் வேலை போனது. 2020 ஜனவரியில் அந்த 2006 அறிவிக்கையைத் திருத்தி, எண்ணெய், எரிவாயு தேடுகிற கிணறுகளை பி2 வகைக்கு மாற்றினார்கள். பி2 என்றால் மக்களிடம் கருத்து கேட்கத் தேவையில்லை. அதனால்தான் 2025 மார்ச்சில் நம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு ஒரு ஊரிலும் கூட்டம் போடாமல் அனுமதி கொடுக்க முடிந்தது. ஆகஸ்டில் விஷயம் வெளியே வந்து சத்தம் கிளம்பிய பிறகுதான் திரும்பப் பெறச் சொல்வதாக மாநில அரசு அறிவித்தது. அதே 2020இல் வந்த இன்னொரு வரைவு 30 நாள் அவகாசத்தை 20 ஆக்கப் பார்த்தது. முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் போட்டார்கள், டெல்லி உயர் நீதிமன்றம்தான் 22 மொழிகளில் போடச் சொல்லி அவகாசத்தையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. நீதிமன்றம் போனால்தான் தமிழில் படிக்கலாம் என்றால், எங்களைக் கேட்டார்கள் என்று எப்படிச் சொல்வது? உங்களுக்கு 20 என்ற எண் மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று இப்போது புரிகிறது.

கீழக்கரை_சபராளி:
நான் துபாய்க்காரன் என்றால் பேசக் கூடாதா? என் வாப்பா பிழைப்புக்காகச் சபர், அதாவது வெளிநாடு போனார், நான் போனேன், என் மச்சானும் போகிறான். ஊரில் வேலை இருந்தால் ஏன் போகிறோம்? 2018இல் நம் மாவட்டத்தை முன்னேற விழையும் மாவட்டம் என்று நாட்டின் 112 மாவட்டங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். அதற்கு அப்புறம் ஊருக்கு நான்கு முறை வந்துவிட்டேன், என் தெருவில் ஒருவனும் திரும்பி வந்து வேலைக்குச் சேரவில்லை. கொள்கை எழுதுகிறவர்கள் எங்களையும்தான் கேட்கவில்லை. நான் சொன்னது நாள் கணக்கு மட்டும். 20.

தங்கச்சிமடத்தான்:
வேலை இல்லை என்று நீங்களும் சொல்கிறீர்கள், கேட்கவில்லை என்று நீங்களும் சொல்கிறீர்கள், ஆனால் ஐயாவுக்கு ஒத்து ஊதுகிறீர்கள். போன வருடம் ஐஸ் விலை ஏறியபோதும் இப்படித்தான் இங்கே வியாபாரிகள் பக்கம் பேசினீர்கள். எனக்கு மறக்கவில்லை.

கீழக்கரை_சபராளி:
ஐஸ் விலையை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? அன்று நான் சொன்னது மின் கட்டணம் ஏறியது என்று. அதற்கே என்னைத் தரகன் என்று எழுதினீர்கள். முதலில் அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள், அப்புறம் பேசலாம்.

முண்டுமிளகாய்:
என் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை. மிளகாய்க்கு விலை?

சேதுக்கரை:
திட்டம் கொடுத்தாலும் குறை, கொடுக்காவிட்டாலும் குறை. 2017இல் ஆழ்கடல் சூரை மீன் படகுத் திட்டம் வந்தது. இழுவலையை விட்டுவிட்டு வாருங்கள், 80 லட்சம் படகுக்கு 70 சதவீதம் அரசு தருகிறது என்றார்கள். இலக்கு 2000 படகு. எத்தனை பேர் முன்வந்தீர்கள்?

தங்கச்சிமடத்தான்:
இதைத்தான் ஐயா நான் முதலிலிருந்து சொல்கிறேன். 50 சதவீதம் மத்திய அரசு, 20 மாநில அரசு, 20 வங்கிக் கடன், 10 சொந்தப் பணம். சொந்தப் பணம் மட்டும் 8 லட்சம், கடன் 16 லட்சம். ஒரு படகில் போய் இரவோடு இரவாகத் திரும்புகிற ஆளை, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தூண்டில் போடு என்றால் அந்தத் தொழில் வேறு. டீசல் வேறு, ஐஸ் வேறு, பிடித்த சூரையை விற்கிற இடம் வேறு. ஒவ்வொரு ஊர்க் கரையிலும் வந்து உட்கார்ந்து எங்களிடம் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்போம். திட்டத்தை முடிவு செய்துவிட்டு ஆள் தேடினார்கள். ஆள் வரவில்லை என்றால் மீனவன் மாற மாட்டான் என்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வரைவைத் தமிழில் போடுங்கள். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது, அதில் ஒன்றிலாவது வாசித்துக் காட்டுங்கள். தடைக்காலத்தில் கேளுங்கள், 61 நாளும் நாங்கள் கரையில்தான் இருப்போம். பாசி எடுக்கிற பெண்களை அவர்கள் கரையேறுகிற இடத்தில் போய்ப் பாருங்கள். பட்டணம்காத்தானில் ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் வைத்தால் ஒரு நாள் பிழைப்பும் பஸ் காசும் போகிறது.

சேதுக்கரை:
பேச்சு நன்றாக இருக்கிறது. கிராம சபைக்கு நீங்கள் கடைசியாகப் போனது எப்போது?

தங்கச்சிமடத்தான்:
அக்டோபர் 11ஆம் தேதி. கையெழுத்து இருக்கிறது, வந்து பாருங்கள். வரைவு வந்தது 8ஆம் தேதி. அந்த மூன்று நாளில் தமிழில் வந்திருந்தால் அன்றே வாசித்திருக்கலாம். அடுத்த சபை நவம்பர் 1. கருத்து அனுப்பும் நாள் முடிந்தது 27. அடுத்த சபை கூடுவதற்குள் சரியாக முடித்துவிட்டார்கள்.

சேதுக்கரை:
திட்டம் போட்டு அப்படி வைத்தார்கள் என்கிறீர்களா? டெல்லியில் இருக்கிறவர்களுக்கு உங்கள் கிராம சபைத் தேதியைப் பார்ப்பதுதான் வேலையா?

பாசிக்கார_அக்கா:
பார்க்கவில்லை என்பதைத்தான் ஐயா அவரும் சொல்கிறார்.

சேதுக்கரை:
சரி அக்கா, உங்களிடம் வாதாட நான் வரவில்லை. ஆனால் தம்பி முதல் வரியிலேயே தவறான எண்ணைப் போட்டுவிட்டு இவ்வளவு நீளம் எழுதியிருக்கிறார். அதைத் திருத்தச் சொல்லுங்கள். 20.

தங்கச்சிமடத்தான்:
ஒரு மாதம் என்று எழுதியதை நீங்கள் முதலில் திருத்துங்கள். 19.

சேதுக்கரை:
ஒரு மாதம் என்று நான் சொன்னது அக்டோபர் மாதத்தை.

முண்டுமிளகாய்:
மிளகாய் விலையைப் பற்றித் தனியாக ஒரு இழை தொடங்குகிறேன். அங்கே கடற்கரைக்காரர்கள் வர வேண்டாம்.

தங்கச்சிமடத்தான்:
நாளை சனிக்கிழமை, கடலுக்குப் போகிறேன். ஞாயிறு காலை கரைக்கு வந்ததும் அந்த "அக்டோபர் மாதத்துக்கு" பதில் எழுதுகிறேன். அதற்குள் யாரும் இழையைப் பூட்ட வேண்டாம்.