அரைச் சாண் இடைவெளியில் மாங்காய்: பின்பக்க நூலை என்ன செய்வது?

ஈசூன்வாசி:
மகள் கிளாஸ்கோவில் படிக்கிறாள். அவளுக்கு டிசம்பர் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறேன். சந்தன நிறக் கம்பளியில் அரக்குச் சிவப்பு மாங்காய் வடிவம். வட்ட ஊசியில், கீழிருந்து மேலாக. ஒரு மாங்காய் 9 கண்ணி அகலம். அடுத்ததற்கு 23 கண்ணி இடைவெளி. என் கைக்கு 10 செ.மீ.க்கு 22 கண்ணி வரும். அப்படியென்றால் சிவப்பு நூல் உள்ளே அரைச் சாணுக்குத் தொங்குகிறது, மோதிரம் கட்டாயம் மாட்டும். ஐந்து கண்ணிக்கு ஒருமுறை அந்த நூலைச் சந்தன நூலோடு சுற்றிப் பிடித்தால், முன்பக்கம் சிவப்பு எட்டிப் பார்க்கிறது. பிரிக்கச் சொன்னாலும் சரி, இப்போதுதான் முதல் மாங்காய் வரிசை.

பொங்கோல் பின்னல்:
அக்கா, இன்டார்சியாதான். ஒவ்வொரு மாங்காய்க்கும் தனித்தனியாகக் குட்டி நூலுருண்டை. நிறம் மாறும் இடத்தில் இரண்டு நூலையும் ஒரு முறுக்கு முறுக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஓட்டை விழும்.

தேக்கா கம்பளி:
தங்கச்சி சொல்வது தட்டையாகப் பின்னுகிறவர்களுக்குச் சரி. வட்டமாகப் போகும்போது, அடுத்த சுற்றில் நீங்கள் மாங்காயின் வலது ஓரத்துக்கு வருவீர்கள். சிவப்பு நூலோ இடது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். அதற்கும் வழி உண்டு, ஆனால் இவ்வளவு சின்னப் பூவுக்கு அந்தப் பாடு எதற்கு?

இந்த இடைவெளிக்கு நான் நூலை இழுத்துக்கொண்டே போக மாட்டேன். முழு உடம்பையும் சந்தன நிறத்தில் பின்னிவிடுங்கள், மாங்காயைப் பிறகு டூப்ளிகேட் ஸ்டிச்சில், அதாவது பின்னிய கண்ணியின் மேலேயே ஊசியால் தைத்து, போடுங்கள். முதலில் துவைத்து, விரித்துக் காயவிடுங்கள். நம் சிங்கப்பூர் ஈரத்துக்கு மின்விசிறிக்கு அடியில் போட்டாலும் நேரம் எடுக்கும், அவசரப்படாதீர்கள். கண்ணிகள் அடங்கியபின் மொட்டை முனை ஊசியில் அதே பருமனுள்ள சிவப்பு நூல். கண்ணி 'வி' மாதிரி தெரிகிறதல்லவா, அதன் அடிமுனையில் ஊசியை மேலே எடுங்கள். மேல் கண்ணியின் இரண்டு காலுக்கும் பின்னால் நுழைத்து, மறுபடி அதே அடிமுனையில் இறக்குங்கள். இழுக்காதீர்கள், சிவப்பு, சந்தனத்தின் மேல் படுத்தால் போதும். முழங்கை நீளத்துக்கு மேல் நூல் வெட்டினால் உரசி உரசிப் பஞ்சாகிவிடும். மாங்காய் இருக்கும் இடம் கொஞ்சம் தடிக்கும். கிளாஸ்கோவுக்கு அது நல்லதுதான்.

ஈசூன்வாசி:
நன்றி அக்கா, பிரித்துவிட்டேன்! சிவப்புச் சாயம் சந்தனத்தில் ஏறிவிடுமோ என்றுதான் பயம்.

தேக்கா கம்பளி:
சிவப்பு நூலில் ஒரு துண்டு வெட்டி வெதுவெதுப்பான நீரில் நனைத்து வெள்ளை டிஷ்யூவில் அழுத்தி வையுங்கள். டிஷ்யூ சிவந்தால் அந்த நூலே வேண்டாம். பீப்பிள்ஸ் பார்க் சென்டர் பக்கம் போனால் வேறு சிவப்பு பார்க்கலாம்.

பொங்கோல் பின்னல்:
அடுத்த ஸ்வெட்டருக்கு லேடர்பேக் என்ற முறையைப் பாருங்கள். நீண்ட நூலை உள்பக்கமே சில பர்ல் (மறுபக்கக்) கண்ணிகளாகப் பின்னி ஏணி மாதிரி ஏற்றுவார்கள். முன்பக்கம் தெரியாது, துணியும் இழுத்தால் நன்றாக நீளும். நான் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.