அரை டன் பக்கியும் டபுள் கேப்பும்

டபுள் கேப், அதாவது இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த சரக்குப் பெட்டியும் உள்ள வண்டி வாங்கியவர்கள் டிரேக்கன்ஸ்பெர்க் மலைக்கும் கடற்கரை மணலுக்கும் போய்வந்த கதைகளை இங்கே ரசித்துப் படித்தேன். நான் காய்கறி ஏற்றுகிற ஆள். என் அனுபவம் வேறு மாதிரி.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வார்விக் பகுதியில் 1910 முதல் நடக்கிற விடியற்காலைச் சந்தையில் மாமாவுக்கு ஒரு கடை. கறிவேப்பிலை, கொத்தமல்லி, மடும்பி என்கிற சேப்பங்கிழங்கு. க்ளேர்வுட் மொத்தச் சந்தையில் சரக்கு எடுத்து, விடிவதற்குள் வார்விக்கில் இறக்க வேண்டும். அதற்கு அவர் வைத்திருப்பது ஒரு பழைய நிஸான் 1400 பக்கி; பக்கி என்றால் பின்னால் திறந்த பெட்டியுள்ள சரக்கு வண்டி. கார்புரேட்டர் வண்டி. நின்றுபோனால் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு தெருவோரத்திலேயே சரிசெய்வார். சேற்றில் மாட்டினால் நாலு பேர் சேர்ந்து பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்திவிடலாம்.

போன ஆண்டு அது பட்டறையில் கிடந்தபோது, என் அண்ணன் தன் புது டபுள் கேப்பைக் கொடுத்தான். மாமாவுக்குப் பெருமைதான். பெருமை க்ளேர்வுட் வரைக்கும் நீடித்தது. அங்கே முட்டைக்கோஸ் மூட்டையைத் தோளுக்கு மேலே தூக்கினால்தான் பக்கச் சுவரைத் தாண்டிப் பெட்டிக்குள் போடமுடிகிறது. பெட்டியோ ஐந்தடிதான். பின்கதவைத் திறந்து வைத்துக் கயிறு கட்டினோம். "இத்தனை பெரிய வண்டியில் சாமானுக்கு இடமில்லையே தம்பி, ஆள் உட்காரத்தானா இது?" என்றார். உண்மையும் அதுதான். டபுள் கேப் இங்கே குடும்பக் காரின் இடத்தைப் பிடித்துவிட்டது. ஒரு டன் ஏற்றக்கூடிய வண்டி பள்ளிக்கூட வாசலில் ஒரு பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்புகிறது.

அதைவிட என்னைக் கலங்கவைத்தது சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெரு. ஏற்றமும் இறக்கமுமாக, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் நெருங்கி நிற்கிற இடம். வாசலிலிருந்து வண்டியை எடுத்தபோது அடுத்த வீட்டுக் குழந்தை பானெட்டுக்கு முன்னால் நின்றது எனக்குத் தெரியவே இல்லை. திண்ணையிலிருந்து பெரியம்மா போட்ட சத்தத்தில்தான் பிரேக் போட்டேன். அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு: பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், பானெட் தாழ்ந்து சரிவாக இருக்கிற காரைவிட, நடந்துபோகிறவர் சாகிற வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகமாம். 1400-இல் பானெட் தாழ்வு; உட்கார்ந்தால் முன்னால் இன்னும் கிட்டத்தில் தரை தெரியும்.

பெரிய வண்டியே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. டோங்காட் பக்கம் கரும்புத் தோட்ட மண் சாலையில், மழைக்காலத்தில், எங்கள் 1400 ஒன்றுக்கும் உதவாது. சொந்தக்காரர்களில் சிலர் புரோஸ்பெக்டனில் டொயோட்டாவின் பெரிய பக்கியான ஹைலக்ஸ் செய்கிற ஆலையில்தான் வேலை பார்க்கிறார்கள். அவர்களிடம் இதையெல்லாம் சொன்னால் எனக்குச் சோறு கிடைக்காது!

ஆனால் சின்னது வேண்டும் என்பவனுக்கு இப்போது கடையில் என்ன இருக்கிறது? 1400-இன் தயாரிப்பு 2008-இல் நின்றது. ஃபோர்ட் பாண்டம் 2011-இல். ஷெவ்ரலே யூட்டிலிட்டியும், ஜெனரல் மோட்டார்ஸ் நாட்டைவிட்டுப் போன 2017-ஓடு சரி. 800 கிலோ ஏற்றிக்கொண்டிருந்த நிஸான் என்பி200-உம் 2024-இல் முடிந்தது. தோட்டக்காரர், பிளம்பர், மீன்காரர் எல்லாரும் அரை டன் என்று பொதுவாகச் சொல்கிற இந்தச் சின்ன பக்கிகளை நம்பிப் பிழைத்தவர்கள். அவர்களில் பலருக்குப் புது டபுள் கேப் விலையில் பாதிகூட எட்டாது. அதனால்தான் துருப்பிடித்த 1400-க்குக்கூட இன்னும் கிராக்கி.

எனக்குத் தெரிந்து மிச்சம் சுசூகி சூப்பர் கேரி என்கிற சின்ன டிரக். பெட்டி ஏழடி, மூன்று பக்கமும் மடக்கி இறக்கலாம், 750 கிலோ தாங்கும். மாமாவை அழைத்துப்போய்க் காட்டினேன். பெட்டியைக் கையால் அளந்து பார்த்தார், பிடித்துவிட்டது. முன்னால் மூக்கு இல்லாததுதான் அவருக்கு யோசனை; மோதினால் நம் முழங்கால்தானே முதலில் போகும் என்கிறார். இதை வைத்துச் சரக்கு ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால், ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் முழுச் சுமையோடு எப்படி ஏறுகிறது என்று எழுதுங்கள்.