ஓட்டு இல்லாத காலத்திலும் சந்தா கட்டிய அப்பாயி

இலங்கை மலையகத்தின் தலவாக்கலைத் தொகுதியில் 1947இல் சி.வி. வேலுப்பிள்ளைக்கு ஓட்டுப் போட்டவர் என் அப்பாயியின் (அப்பாவின் அம்மா) அப்பா. அதுவே அவர் போட்ட கடைசி ஓட்டு.

வேலுப்பிள்ளை நின்றது இலங்கை இந்தியக் காங்கிரஸில். 1939இல் நேரு கொழும்பு வந்தபோது தொடங்கிய கட்சி அது, பின்னாளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது; கட்சியும் அதுவே, தொழிற்சங்கமும் அதுவே. 1948 குடியுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த தேயிலைத் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் ஓட்டும் பறிபோனது. 1952 தேர்தலில் கட்சிக்கு ஒரு இடம்கூட இல்லை.

ஓட்டே இல்லாத மக்களின் கட்சி எப்படித்தான் பிழைத்தது? அப்பாயியிடம் கேட்டேன். "ஓட்ட எடுத்துட்டாங்க, கொழுந்த நாங்கதானே எடுக்கணும்?" என்றார். மாதச் சந்தா, தோட்டக் கமிட்டி, பிரச்சினை வந்தால் துரையிடம் (தோட்ட நிர்வாகி) பேசப் போகும் தலைவர். இவைதான் கட்சியைத் தாங்கின. இதை எழுதும் வரலாறுகள் மிகக் குறைவு என்பது என் வருத்தம்.

1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, சம்பந்தப்பட்ட சனங்களைக் கேட்காமலே பிரித்தார்கள். அப்பாயியின் தம்பி குடும்பம், பிரிகிறவர்களின் அழுகையால் ஒப்பாரிக் கோச்சி என்று பேர்பெற்ற ரயிலில் ஏறி, இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார் போனது. இப்போது அவர்கள் கோத்தகிரியில்.

கட்சித் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1977இல் நுவரெலியா-மஸ்கெலியாவின் மூன்றாவது உறுப்பினராகத் தேர்வாகி, அடுத்த வருடம் அமைச்சரானார். அமைச்சர் பதவியோடு சங்கத் தலைமையையும் ஒருவரே வைத்திருந்தது சரியா என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் வாக்குவாதம் நடக்கும். சம்பளப் பேச்சு அரசாங்கத்தோடு என்று வரும்போது அது இடிக்கத்தான் செய்யும் என்பது என் எண்ணம். ஆனால் 1984 வேலைநிறுத்தத்தை அப்பாயி விட்டுக்கொடுக்க மாட்டார். அதற்குப் பிறகுதான் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. அதுவரை அதே மலையில் ஏறி இறங்கியும் பெண்களுக்குக் குறைவு.

அப்புறம் 1986 ஜனவரி. குடியுரிமை கேட்டுப் பிரார்த்தனைப் போராட்டம். அன்று வேலைநிறுத்தம் என்று யாரும் சொல்லவில்லையாம். காலையில் மாரியம்மன் கோயிலில் எல்லோரும் உட்கார்ந்து வேண்டிக்கொள்வது, பகலுக்கு மேல் மலைக்குப் போவது. கொழுந்து முற்றிக்கொண்டிருக்க, சாமி கும்பிடுகிறவர்களை எந்தத் துரை எழுப்ப முடியும்? அரசாங்கம் சீக்கிரமே இறங்கி வந்தது. அந்த வருடமே ஒரு சட்டம், 1988இல் இன்னொன்று. 1989 பாராளுமன்றத் தேர்தலில்தான் அப்பாயி வாழ்க்கையில் முதல்முறையாக ஓட்டுப் போட்டார். அப்போது அவருக்கு என் அப்பா உட்படப் பிள்ளைகளெல்லாம் வளர்ந்துவிட்டார்கள்.

நான் இந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவன் இல்லை. ஆனாலும் பதவிக்காக நடத்திய கட்சி என்று யாராவது ஒரே வரியில் முடித்தால் எனக்குக் கோபம் வரும்.

பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்காரர்கள் இருந்தால் 1986 பற்றி எழுதுங்கள். எங்கள் தோட்டத்தில் பிரார்த்தனை நாட்களுக்கு அரைப் பேர்தான் (அரை நாள் சம்பளம்) போட்டார்கள் என்கிறார் அப்பாயி. உங்கள் பக்கம் எப்படி?