புதுப்பிப்பு: மகளின் வழக்கில் உளவியல் மதிப்பீடு முடிந்தது

மகள் யாரிடம் வளர வேண்டும் என்பதை நீதிமன்றம் நியமித்த தடயவியல் உளவியலாளரே (வழக்குகளுக்காக உளவியல் மதிப்பீடு செய்பவர்) தீர்மானித்துவிடுவாரோ என்று அஞ்சி முன்பு எழுதியிருந்தேன். முடிவெடுப்பவர் நீதிபதிதான், தம் அறிக்கை அவருக்கு உதவும் ஒரு சான்று மட்டுமே என்பதையும், தம்மிடம் சொல்வது சிகிச்சையாளரிடம் சொல்வதைப் போல இரகசியமாக இராது என்பதையும் அந்த உளவியலாளர் முதல் சந்திப்பிலேயே தெளிவுபடுத்தினார். பெற்றோரான எங்கள் இருவரையும் தனித்தனியே பலமுறை பேட்டி கண்டு, உளவியல் சோதனைகள் நடத்தி, வகுப்பாசிரியரிடமும் குழந்தை மருத்துவரிடமும் விசாரித்த அவர், மகளிடம் 'அம்மாவா, அப்பாவா' என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதற்காகவே அவருக்கு என்றும் நன்றியுடையேன். நான் அவளுக்கு ஷூ நாடா கட்டக் கற்றுக்கொடுத்தபோது ஓரமாக அமர்ந்திருந்தவர், அவள் தடுமாறியதும் என் கை முந்திக்கொண்டதைக் குறித்துக்கொண்டார். அது அறிக்கையிலும் இருக்கிறது; படிக்கும்போது வலித்தாலும் உண்மை என்பதால் அதை மறுக்க வேண்டாம் என்று என் வழக்கறிஞரிடம் சொல்லிவிட்டேன்.