சர்வரில் ஓடும் பில்லிங் அப்ளிகேஷனில் மட்டும் பிரிண்டர் காணாமல் போகிறது

கேள்வி:
பில்லிங் அப்ளிகேஷன் சர்வரில் இருக்கிறது, ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத்தான் எல்லா வேலையும். 80 மி.மீ. தெர்மல் பிரிண்டர் என் கணினியில் யுஎஸ்பியில். டெஸ்ட் பேஜ் வருகிறது, நோட்பேடில் இருந்து அடித்தாலும் வருகிறது. அப்ளிகேஷன் செட்டிங்ஸில் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்தால் அன்று முழுக்க ஒழுங்காக ஓடும், மறுநாள் காலை லாகின் செய்து பில் போட்டால் 'பிரிண்டர் கிடைக்கவில்லை'. திரும்பத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடுகிறது. டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டும் அதே கதை. சப்போர்ட்டில் கேட்டால் கேபிளை மாற்றச் சொல்கிறார்கள்!

பதில் 1:
டெஸ்ட் பேஜ் வரும்போது கேபிளைக் குறை சொல்லி என்ன பயன்? சர்வருக்குள் இருந்தபடி பிரிண்டர் பட்டியலைத் திறந்து, பெயரைக் கடைசி எழுத்து வரை படியுங்கள். 'ரீடைரக்டட் 3' என்று ஒரு வால் இருக்கும். அந்த எண் உங்கள் செஷனுடையது (லாகின் செய்யும்போது சர்வரில் தொடங்கும் இணைப்பு), பிரிண்டருடையது இல்லை. லாக் ஆஃப் செய்துவிட்டு வந்தால் எண் மாறிவிடும், அப்ளிகேஷனோ பழைய பெயரையே தேடும். அதனால் பெயரைத் தேர்ந்தெடுக்காமல் 'டீஃபால்ட் பிரிண்டர்' என்று விடுங்கள். உங்கள் கணினியில் 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரிண்டர்' ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசியாக எதில் அடித்தீர்களோ அதுவே டீஃபால்ட் ஆகி, ஒருநாள் பில் எல்லாம் பிடிஎஃப்பாகப் போய் நிற்கும்.

கேள்வி கேட்டவர்:
அதேதான், இன்று 7 என்று காட்டுகிறது! டீஃபால்ட்டுக்கு மாற்றியதும் லாக் ஆஃப் செய்து வந்தாலும் பில் வருகிறது, நன்றி. ஆனால் எழுத்து பொடிப்பொடியாக, மங்கலாக இருக்கிறது, காசுப் பெட்டியும் தானாகத் திறப்பதில்லை. இது ஆரம்பத்தில் இருந்தே இப்படித்தான்.

பதில் 2:
ஈஸி பிரிண்ட், அதாவது ரிமோட் டெஸ்க்டாப்பில் எல்லா பிரிண்டருக்கும் பொதுவான டிரைவர், அதன் வழியாகப் போகிறது போல. அது பில்லை எக்ஸ்பிஎஸ் (பிடிஎஃப் போன்ற ஒரு வடிவம்) பக்கமாக மாற்றி அனுப்பும், அங்கே பேப்பர் அளவு ஏ4 என்று இருந்தால் 80 மி.மீ. தாளுக்குள் சுருங்கிப் பொடியாகத்தான் வரும். பெட்டியைத் திறக்கச் சொல்லும் இஎஸ்சி/பிஓஎஸ் (பில் பிரிண்டர்களுக்கான கட்டளை மொழி) கட்டளையை எதையும் மாற்றாமல் அப்படியே பிரிண்டருக்கு அனுப்ப வேண்டும், இந்த வழியில் அது போய்ச் சேராது. உங்கள் கணினியில் உள்ள அதே டிரைவரை சர்வரிலும் போடச் சொல்லுங்கள், பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் குரூப் பாலிசியில் (அட்மின் மாற்றும் விண்டோஸ் செட்டிங்ஸ்) 'யூஸ் ரிமோட் டெஸ்க்டாப் ஈஸி பிரிண்ட் பிரிண்டர் டிரைவர் ஃபர்ஸ்ட்' என்பதை டிஸேபிள் செய்ய வேண்டும். இரண்டுமே சர்வர் அட்மின் கையில்தான் இருக்கிறது, அவரிடம் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

பதில் 1:
இன்னொன்று: பிரிண்டரை வேறு யுஎஸ்பி போர்ட்டில் மாற்றிச் செருகினால் விண்டோஸ் அதைப் புதுசு என்று நினைத்து 'காப்பி 1' என்று இன்னொன்றை உருவாக்கிவிடும், டீஃபால்ட் பழையதிலேயே ஆஃப்லைனில் நிற்கும். சுத்தம் செய்பவர்கள் ஒயரைக் கழற்றினால் எந்த போர்ட்டில் திரும்பச் செருக வேண்டும் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள்.