பேர் கேட்டால் என்ன செய்வீர்கள்? (திக்குவாய் உள்ளவர்கள் வந்து சொல்லுங்கள்)

தாம்பரத்துக்காரர்:

நானே தொடங்கி வைக்கிறேன். வயது 41, கணக்குப் பிரிவில் வேலை. 'ப', 'க' இரண்டும் எனக்கு ஜென்ம விரோதிகள். என் பெயர் 'ப'வில் தொடங்குகிறது.

மற்ற சொற்களில் மாட்டிக்கொண்டால் பக்கத்துச் சொல்லுக்குத் தாவிவிடலாம். 'பணம்' வரவில்லையா, 'ரூபாய்' இருக்கிறது. 'கல்யாணம்' வரவில்லையா, 'விசேஷம்' இருக்கிறது. பேருக்கு மட்டும் மாற்று கிடையாது. "என்ன சார், சொந்தப் பேரே மறந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார்கள். இந்த ஜோக்கைப் புதிதாகக் கண்டுபிடித்தவர்கள் இதுவரை ஒரு நூறு பேராவது இருப்பார்கள்.

முன்பு கிண்டியில் வேலை. பஸ்ஸில் 'கி' வராது. வாயைத் திறந்துகொண்டு நிற்பேன், பின்னால் கூட்டம் நெருக்கும். அதனால் "சைதாப்பேட்டை ஒண்ணு" என்று அடுத்த ஊருக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு கிண்டியிலேயே இறங்கிவிடுவேன். கூடுதல் காசு என் நாக்குக்கு நான் கட்டிய வரி. ஒருநாள் கண்டக்டர் கேட்டே விட்டார்: "தினமும் சைதாப்பேட்டைக்கு எடுக்கறீங்க, இங்கயே இறங்கறீங்க, ஏன் சார்?" எனக்குத் திக்குவாய் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? எடுத்ததும் 'தி', உடனே ஒரு 'க்கு'. எல்லாம் வல்லினம். பேர் வைத்தவர் நம்மில் ஒருவரைக் கேட்டுவிட்டு வைத்திருக்கலாம். "சும்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், திக்குவதில் எனக்குப் போகிற நேரம் கொஞ்சம்தான். திக்காமல் தப்பிக்கத்தான் நாள் பூராவும் உழைக்கிறேன். யாராவது கேள்வி கேட்டால், பதிலில் எந்தெந்த எழுத்து வரும் என்று மனசு முன்னால் ஓடிப் பார்த்துவிட்டு வரும். இப்போதைய அலுவலகத்தில் ஆறு வருடமாக யாருக்கும் தெரியாது. "அவர் ரொம்ப அழுத்தம், வாயே திறக்க மாட்டார்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

திருநெல்வேலிப் பக்கம்:

அண்ணே, எங்க ஆச்சி வசம்பைச் சுட்டு, உரசி, தேனில் குழைத்து என் நாக்கில் தடவாத நாள் இல்லை. வசம்புக்கு எங்கள் பக்கம் 'பேர் சொல்லாதது' என்றுதான் பெயர். பேர் சொல்ல வராத பயலுக்குப் பேர் சொல்லாத மருந்து, பொருத்தத்துக்குக் குறைச்சல் இல்லை!

அப்புறம் திருச்செந்தூர். குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாமல் இருந்து அங்கே பேச்சு வந்தவர் என்பது ஆச்சியின் கணக்கு. அவருக்குப் பேச்சே இல்லை, எனக்கு முதல் எழுத்து மட்டும்தான் இல்லை என்று அவளிடம் யார் சொல்வது? ஆனால் ஒன்று நடந்தது. சந்நிதியில் கூட்டத்தோடு சேர்ந்து பாடும்போது எனக்கு ஓர் எழுத்துகூட நிற்கவில்லை. ஆச்சி அழுதேவிட்டாள். வெளியே வந்து "தேங்காய்" என்று கேட்கப் போனேன், 'தே'யிலேயே நின்றது. அவள் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

கல்லூரிக்குப் போன பிறகு ஒரு பேச்சுப் பயிற்சியாளர்தான் விளக்கினார். பாடும்போதும் பலரோடு சேர்ந்து சொல்லும்போதும் திக்குகிறவர்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே சரளமாக வருமாம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், முருகன் எனக்கு மட்டும் செய்தது என்று நினைத்திருந்தேன்.

கோவையிலிருந்து ஓர் அம்மா:

எனக்குத் திக்கல் இல்லை, என் மகனுக்கு. நாலு வயது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன் போன வருடம் திடீரென்று "அ-அ-அம்மா" என்று ஆரம்பித்தான். யாரையோ பார்த்துப் பழகிவிட்டான் என்றார் அத்தை. நான் ஒவ்வொரு தடவையும் "மெதுவா, மூச்சு விட்டுப் பேசு கண்ணா" என்பேன். அவன் பேச்சையே குறைத்துவிட்டான். அப்போதுதான் பயந்து போனேன்.

பயிற்சியாளரிடம் போனோம். பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள்தான் தொடங்குமாம். 100 குழந்தைகளில் சுமார் 5 பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வருமாம், பெரியவர்களில் 100க்கு 1 என்ற அளவில்தான் நீடிக்குமாம். அப்படி நீடிக்கிறவர்களில் ஆண்கள்தான் அதிகம். "அவனை மெதுவாகப் பேசச் சொல்லாதீங்க, நீங்க மெதுவாப் பேசுங்க. அவன் முடிக்கிற வரைக்கும் காத்திருங்க" என்றார். கேட்க எளிது. வாயில் வந்துவிட்ட சொல்லை எடுத்துக் கொடுக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

அதைவிட, அவர் கேட்ட இன்னொரு கேள்வி. "குடும்பத்தில் வேற யாருக்காவது உண்டா?" இல்லை என்று நான் சொல்லப் போனேன். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு "எ... எனக்கு" என்றார்.

கல்யாணமாகி ஏழு வருடம். ஹோட்டலில் ஏன் எப்போதும் என்னையே ஆர்டர் சொல்லச் சொல்கிறார், டாக்டருக்கு ஏன் நான்தான் போன் செய்ய வேண்டும், எல்லாம் அந்த அறையில்தான் புரிந்தது. சோம்பேறித்தனம் என்று எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! தாம்பரத்துக்காரர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதவே தோன்றியது.

சேலம்:

எனக்கு மனுஷங்க பரவாயில்லை. "உங்கள் பதிலைச் சொல்லுங்கள்" என்கிற மெஷின்தான் ஆகாது. நான் 'ப்' என்று முட்டிக்கொண்டு நிற்பதற்குள் "மன்னிக்கவும், புரியவில்லை". மூன்று தடவை புரியாமல் தானே வைத்துவிடும். மனிதர்கள் "ஹலோ, ஹலோ, டவர் இல்ல போல" என்று வைப்பார்கள். அவர்களுக்கு மறுபடி போட்டு, ஆமாம் டவர் இல்லை என்று சொல்லிவிடுவேன்.

ஒருவர்:

தன்னம்பிக்கை இருந்தால் தானாகச் சரியாகிவிடும் நண்பர்களே. பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜே சரி செய்துகொள்ளவில்லையா?

திருநெல்வேலிப் பக்கம்:

சரி செய்யவில்லை சார், சமாளித்தார். 1926இல் லயனல் லோக் என்பவரிடம் பயிற்சிக்குப் போனார். 1939இல் போர் தொடங்கியபோது வானொலியில் பேசும்போதும் அதே லோக் பக்கத்தில் நின்றார். 13 வருடம்! பதற்றத்தில் திக்கல் கூடும், உண்மைதான். ஆனால் அது வந்ததற்குக் காரணம் பதற்றமோ தைரியக் குறைவோ இல்லை.

விருதுநகர்:

மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன மாதம் புதிதாக ஒருவர் வந்து "பா... பா... பாராசிட்டமால்" என்றார். எத்தனை என்று கேட்க வேண்டும். எனக்கு "எ... எ... எ..." அவர் முகம் சிவந்துவிட்டது. கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். "நானும்தான்" என்று சொன்னால் போதும், 'நா' எனக்கு எப்போதும் வருகிற எழுத்து. அன்றைக்குப் பார்த்து அதுவும் நின்றது. அடி விழப்போகிறது என்றே நினைத்தேன்.

எனக்குச் சொல் நின்றால் இடது இமை படபடவென்று துடிக்கும். அவர் அதைப் பார்த்தார். அவருக்குக் கழுத்து ஒரு பக்கமாக இழுக்கும், அதை நான் பார்த்திருந்தேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பின்னால் நின்ற அக்கா, "ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டா எனக்கு ஒரு இருமல் மருந்து குடுங்கப்பா" என்றார். அவரை யாரும் பேசவே விடவில்லை, பாவம், ஐந்து நிமிடமாக நிற்கிறார்.

தாம்பரத்துக்காரர்:

கோவை அம்மா, ஒன்று கேட்கட்டுமா? உங்கள் கணவர் பஸ்ஸில் எந்த ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுப்பார் என்று கேட்டுப் பாருங்கள்.

கோவையிலிருந்து ஓர் அம்மா:

கேட்டேன். காலேஜ் காலத்திலிருந்தே மாதப் பாஸ்தானாம்.