லேப் சர்வரில் எந்த ஃபைலும் திறக்கவில்லை, யாரிடம் சொல்ல வேண்டும்? அவசரம்

கொங்குலேப் (காலை 9:40)
வணக்கம். ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் நிர்வாகம் பார்க்கிறேன். காலையில் வந்து பார்த்தால் சர்வரில் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. பணம் கேட்டு ஒரு குறிப்பு திரையில் நிற்கிறது. ரிப்போர்ட் வாங்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர் "ஃபார்மட் அடிச்சிட்டு புதுசா போட்டுத் தர்றேன்" என்கிறார், டாக்டரும் சரி என்கிறார். புதுச் சட்டத்தில் 250 கோடி அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, அது எங்களுக்கும் உண்டா? யாராவது உடனே சொல்லுங்கள்.

ரேக்கும்கேபிளும்
ஃபார்மட் வேண்டவே வேண்டாம். முதலில் சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையையும் நிறுத்துங்கள். கேபிளைப் பிடுங்கிவிட்டால் போதும், பவரை அணைக்காதீர்கள். அப்புறம் இதைச் சொல்லுங்கள்: என்ன விண்டோஸ், பேக்கப் எங்கே இருக்கிறது, மற்ற கம்ப்யூட்டர்கள் எப்படி இருக்கின்றன, ஃபைல் பெயரின் கடைசியில் என்ன ஒட்டியிருக்கிறது?

தென்காசிக்காரன்
யாராவது கிராக் சாஃப்ட்வேர் போட்டிருப்பார்கள். எங்கள் ஊர் ஆடிட்டர் ஆபீஸில் அப்படித்தான் வந்தது. ஆன்டிவைரஸ் என்ன போட்டிருக்கிறீர்கள்?

பழையசிஸ்அட்மின்
2017இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் பறிக்கும் வானாக்ரை நிரல் வந்தபோதே இங்கே பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸே முடங்கிப்போய், ஆஸ்பத்திரி வேலையெல்லாம் கையெழுத்தில் நடந்தது. அதற்குப் பிறகும் பேக்கப் விவரம்கூட இல்லாமல் "உடனே சொல்லுங்கள்" என்று வந்து நின்றால் என்ன சொல்வது? பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டு, விவரத்தோடு வாருங்கள்.

வாய்தா
அவர் சொல்வதைக் கேட்டு இப்போது தேட உட்காராதீர்கள், நேரம் ஓடுகிறது. எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, இப்படி ஒன்று தெரியவந்ததிலிருந்து 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் போக வேண்டும்.

தென்காசிக்காரன்
6 மணி நேரமா? 72 மணி நேரம் என்றுதானே படித்தேன். அதுவும் பெரிய கம்பெனிகளுக்குத்தான். இது சின்ன லேப், விட்டுவிடுவார்கள்.

வாய்தா
இரண்டும் வேறு வேறு. 6 மணி நேரம் செர்ட்-இன்னுக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டம் சொல்லும் "பாடி கார்ப்பரேட்"டில் பங்குதாரர் நிறுவனமும் அடக்கம், தனி ஆள் நடத்தும் தொழிலும் அடக்கம். சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்த கூடுதல் அவகாசம் 2022 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது.

72 மணி நேரம் என்பது 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. தரவு பறிபோனால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு உடனே ஒரு தகவல், 72 மணி நேரத்துக்குள் முழு விவரம், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தகவல். ஆனால் இந்தக் கடமைகள் விதிகள் வந்து 18 மாதம் கழித்துத்தான் அமலாகும், அதாவது 2027 மே. 250 கோடி என்பதும் உச்சவரம்புதான். சேதத்தைக் குறைக்க என்ன செய்தீர்கள் என்பதையும் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்வார்கள்.

கொங்குலேப் (காலை 10:25)
ஏழேகாலுக்குப் பார்த்தோம். கேபிளைப் பிடுங்கியாகிவிட்டது. பேக்கப் யுஎஸ்பி டிஸ்கில் இருக்கிறது, சர்வரிலேயே செருகியிருந்தது, அதையும் திறக்க முடியவில்லை. ஃபைல் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஏதோ ஐடி, அப்புறம் ஒரு மின்னஞ்சல் முகவரி, கடைசியில் எல்பி.

ரேக்கும்கேபிளும்
எல்பி என்பதை எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள். இன்னொன்று, அந்த சாஃப்ட்வேர்காரர் வெளியிலிருந்து எப்படி உள்ளே வருவார்? ரிமோட் டெஸ்க்டாப்பா?

கொங்குலேப்
இ எல் பி ஐ இ. ஆமாம், ரிமோட் டெஸ்க்டாப்தான், ராத்திரிகூட வருவார். டாக்டர் அவசரப்படுத்துகிறார்.

ரேக்கும்கேபிளும்
அப்படியானால் டாக்டரைக் கையைப் பிடித்தாவது நிறுத்துங்கள். இது ஃபோபோஸ் வகை, ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல். பெரும்பாலும் இணையத்துக்குத் திறந்து கிடக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகக் கடவுச்சொல்லை முட்டி மோதி உள்ளே வருவது இதன் வழக்கம். கிராக் சாஃப்ட்வேரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. 2025 ஜூலையில் ஜப்பான் தேசியக் காவல்துறை ஃபோபோஸ், அதிலிருந்து வந்த 8பேஸ் இரண்டுக்கும் பூட்டுத் திறக்கும் கருவியை இலவசமாக வெளியிட்டது. அது திறக்கும் வகைகளில் எல்பியும் இருக்கிறது. "நோ மோர் ரான்சம்" தளத்தில் கிடைக்கும். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் சேர்ந்து நடத்தும் தளம், நம்பலாம். இறக்கும்போது உலாவி அதைத் தீங்குநிரல் என்று தடுக்கக்கூடும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆனால் அந்தத் தளத்தைத் தவிர வேறு எங்கிருந்தும் இறக்காதீர்கள்.

அசல் டிஸ்கில் கை வைக்க வேண்டாம். சர்வர் டிஸ்கையும் பேக்கப் டிஸ்கையும் முழுசாகப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் ஓட்டிப் பாருங்கள். நூறு சதவீதம் திறக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஃபார்மட் அடித்தால் அந்த வாய்ப்பும் போய்விடும், யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற தடயமும் போய்விடும்.

நர்ஸம்மா
ரிப்போர்ட்டுக்கு நிற்பவர்களை மறந்துவிடாதீர்கள். இன்றைய ரிசல்ட் அனலைசர் மெஷினிலேயே பதிவாகியிருக்கும். அதன் திரையைப் பார்த்து, சாம்பிள் எண்ணை ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டு, கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். சர்க்கரை, பொட்டாசியம், கிரியாட்டினின் அவசரமாகக் கேட்டவர்களுக்கு முதலில்.

பழையசிஸ்அட்மின்
ஃபைல் பூட்டப்பட்டதற்கும் தரவு வெளியே போனதற்கும் வித்தியாசம் தெரியாமல் எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள். பூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எதுவும் கசியவில்லை என்றால் எந்த நோயாளியிடம் எதைச் சொல்வது? வீண் பீதி.

வாய்தா
சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள் ஐயா. புதுச் சட்டம் தரவு மீறலுக்குத் தரும் வரையறையில் கசிவு மட்டுமில்லை, அணுக முடியாமல் போவதும் இருக்கிறது. கசியவில்லை என்று நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்? ஃபோபோஸை வைத்துத் தொழில் செய்த 8பேஸ் கும்பல் முதலில் தரவை அள்ளிக்கொண்டு பிறகுதான் பூட்டியது. பதிவுகளைப் பார்க்காமல் யாரும் உறுதி சொல்ல முடியாது.

பழையசிஸ்அட்மின்
நீங்களே 2027 மே என்று சொல்லிவிட்டு இப்போது கடமை என்கிறீர்கள். முதலில் ஒரு முடிவுக்கு வாருங்கள்.

வாய்தா
நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்ற விதி இன்னும் அமலாகவில்லை, அதை மறுக்கவில்லை. அதற்காக இப்போது சட்டமே இல்லை என்று ஆகிவிடாது. அதுவரை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு இருக்கிறது. மருத்துவப் பதிவுகளை அலட்சியமாக வைத்திருந்து யாருக்காவது நட்டம் வந்தால் இழப்பீடு கேட்கலாம். சாஃப்ட்வேர்காரர் மேல் பழியைப் போட்டுத் தப்பவும் முடியாது. புதுச் சட்டத்தில் 8ஆம் பிரிவு, அமலாவது 2027 மேயில்தான் என்றாலும், வேலையை யாரிடம் கொடுத்திருந்தாலும் பொறுப்பு உங்களுடையது என்று தெளிவாகவே சொல்கிறது.

நர்ஸம்மா
லேப்பில் எச்ஐவி பரிசோதனை ரிசல்ட்டும் இருக்கும் என்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டீர்கள். அதற்கென்றே 2017இல் தனிச் சட்டம் வந்தது, அந்தப் பதிவுகளைப் பாதுகாப்பது வைத்திருப்பவரின் கடமை. 2027 வரை பொறுங்கள் என்று அந்த நோயாளியிடம் போய்ச் சொல்ல முடியுமா? பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும், வாடகை வீடு போகும். நான் அப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். யார் என்ன கேட்டாலும் சரி, அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டும்.

தென்காசிக்காரன்
பணத்தைக் கொடுத்தால் முடிந்துவிடாதா? எவ்வளவு கேட்கிறார்கள்?

ரேக்கும்கேபிளும்
கொடுத்தாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, வெளியே போன பிரதி திரும்பி வரவும் வராது. இலவசக் கருவி இருக்கும்போது எதற்கு அந்தப் பேச்சு?

வாய்தா
கொங்குலேப், மணி பதினொன்று தாண்டிவிட்டது. ஒன்றேகாலுக்குள் செர்ட்-இன் தளத்தில் இருக்கும் படிவத்தை அனுப்புங்கள். எல்லாம் தெரிந்த பிறகுதான் அனுப்ப வேண்டும் என்றில்லை. எப்போது பார்த்தீர்கள், என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், இது போதும், மீதியைப் பிறகு கொடுக்கலாம். சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் அழையுங்கள், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். மிரட்டல் குறிப்பைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நர்ஸம்மா
தம்பி, இருக்கிறீர்களா? ரிப்போர்ட் கொடுக்க முடிந்ததா?

கொங்குலேப் (மாலை 6:50)
படிவம் 12:40க்குப் போய்விட்டது. போலீஸிலும் கொடுத்தாகிவிட்டது. ஃபார்மட் செய்யவில்லை. பிரதி எடுத்துக் கருவியை ஓட்டினோம், பழைய ரிப்போர்ட்கள் திறக்கின்றன, பெரிய டேட்டாபேஸ் ஃபைல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நோயாளிகளிடம் சொல்வது பற்றி டாக்டர் நாளைக்குப் பேசுகிறாராம். எல்லாருக்கும் நன்றி.

ரேக்கும்கேபிளும்
நல்லது. சர்வரை மறுபடி இணையத்தில் போடுவதற்கு முன்னால் ரிமோட் டெஸ்க்டாப் போர்ட் 3389ஐ ரூட்டரில் மூடுங்கள், எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். ரூட்டர் பதிவையும் விண்டோஸ் நிகழ்வுப் பதிவையும் தனி டிஸ்கில் எடுத்து வையுங்கள், செர்ட்-இன் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தச் சாஃப்ட்வேர்காரர் வேறு எத்தனை லேப்புகளுக்கு இதே கடவுச்சொல்லை வைத்திருக்கிறார் என்றும் கேளுங்கள்.

நர்ஸம்மா
நாளைக்கு டாக்டர் என்ன முடிவு எடுத்தார் என்று இங்கே வந்து சொல்லுங்கள் தம்பி.